புல் பால் தீர்மானம்

அநீதிகள், நடந்த வரிசைப்படி வருமாறு.

முதலாவது, தேநீரில் சர்க்கரை பாதியானது. இது முன்னறிவிப்பு இல்லாமல் நடந்தது. இரண்டாவது, மிச்சமிருந்த பாதியும் போனது. இதற்கு அறிவிப்பு இருந்தது, பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது, எண்ணெய்ச் சட்டி பரணில் ஏற்றப்பட்டது. நான்காவது, காலையில் எழுந்து தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்ற உத்தரவு. அதை அவர் அன்றே நிராகரித்தார், இன்றுவரை நிராகரித்துக்கொண்டிருக்கிறார். சரித்திரத்தில் அவர் தோற்காத போராட்டம் அது ஒன்றுதான். ஐந்தாவது, பாலின் ஆடை உருவப்பட்டது. ஆறாவது, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் அமைதியாக இருந்த அரைக்கட்டி சீஸ், விசாரணை ஏதும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது.

“சீஸ் எங்கே?” என்று அவர் கேட்டதற்கு, “சீச்சீ, அது எதுக்கு” என்று பதில் வந்தது. இதையும் குறித்துக்கொண்டார்.

அவரை எல்லோரும் ‘தீர்மானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டில் தொழிற்சாலையில், உலைப் பிரிவில், முப்பத்தோரு வருடம். பதினோரு வேலைநிறுத்தம். மூன்று முறை தற்காலிக நீக்கம், ஒரு முறை சிறை. சங்கத்தில் பத்தொன்பது வருடம் கிளைச் செயலாளர். தும்மல் வந்தால்கூட முன்மொழிந்துவிட்டு, வழிமொழிய ஆள் கிடைக்கும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று உலைப் பிரிவில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டு வருடம். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில். அச்சில் வந்தது எதுவும் உண்மை என்பது அவர் கட்சி, நிர்வாகம் அச்சிட்டதைத் தவிர.

ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது, அவர் கைப்பிடித்து வளர்த்த பிள்ளைகளே கைதூக்கி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பதினேழு கைகள். எந்தக் கை எவனுடையது என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார். அன்றிலிருந்து அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை, எந்த மேடையிலும் வாசிக்கப்படவில்லை. மின்கட்டண ரசீதுகூட மனைவி பெயரில்தான் வருகிறது. சீஸ் போனது நாக்குக்கு நஷ்டம், அவ்வளவுதான். தன் சொல்லுக்கு இந்த உலகத்தில் ஒரு கட்டிடம், ஒரு மாடி, ஒரு அறையாவது கட்டுப்படுமா என்பதுதான் அவர் நெஞ்சில் கிடந்து அரித்தது. குறைந்தபட்சம் ஒரு பால் குவளை.

எதிர்த்தரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மனைவி தையற்காரி. முன்னறை முழுக்க மெஷின், வெட்டுத் துணி, கொக்கிப் பெட்டி, பொத்தான் டப்பா. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. வாயில் எப்போதும் நாலு குண்டூசி. குண்டூசி இருக்கும்போது அவள் பேசமாட்டாள். எதிர்த்துப் பேசும் நிர்வாகத்தைச் சமாளிக்கலாம். பதிலே சொல்லாமல் ரவிக்கைக்குக் கை வைக்கும் நிர்வாகத்தை என்ன செய்வது? கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் போய் வந்த அன்று அவள் அவர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், வாடிக்கைக்காரர்களின் அளவு நோட்டில் எழுதினாள். பிறகு அவர் ரகசியமாக எடுத்துப் பார்த்தார். ‘மெத்தை உறை’ என்ற தலைப்பின் கீழே எழுதியிருந்தது.

இந்த நிலையில்தான் அந்தத் துண்டறிக்கை வந்தது. செய்தித்தாளுக்குள் மடித்து, ஒரே பக்கம், பச்சை மை. கொட்டகையில் கட்டுண்டு தீவனம் தின்னும் மாட்டின் பாலைவிட, வெளியில் புல் மேயும் மாட்டின் பாலில் நல்ல வகைக் கொழுப்பு சற்றுக் கூடுதல் என்றும், அந்தப் பாலையும் அதில் செய்த சீஸையும் காய், பழம், தானியத்தோடு அளவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அவர் கண்ணில் நீர் முட்டியது. சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அடிக்கோடிட்டார். ‘அளவோடு’ என்ற சொல் வந்தபோது மட்டும் பென்சில் அதைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போனது.

மனைவியின் முன்னால் நின்று உரக்க வாசித்தார். இரண்டு முறை. அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்திவிட்டு, தாளைக் கையில் வாங்கினாள்.

“ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு இல்லையே, ஏங்க?”

“பென்சில் மழுங்கிடுச்சு.”

“அடுத்த சொல்லுக்குள்ள அதுவா சீவிக்கிச்சா?”

“பேச்சை மாத்தாத. கொழுப்புல ரெண்டு வர்க்கம் இருக்கு. நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு. நீ ரெண்டையும் ஒரே உத்தரவுல வெளியேத்திட்ட.”

“உங்களுக்கு இருக்கற கொழுப்பு எந்த வர்க்கம்?”

இந்தக் கேள்வி சட்டப்படி செல்லாது என்று மட்டும் தெரிவித்தார். அவள் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சரி, என்றாள். புல் மேய்ந்த மாட்டின் பால்தான், அதில் செய்த சீஸ்தான் என்றால் கொண்டு வரட்டும். அளவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

நிர்வாகம் முதல் சுற்றிலேயே ஒப்புக்கொண்டால் தொழிலாளி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பத்தொன்பது வருடம் வாசல் கூட்டங்களில் தொண்டை கிழியச் சொன்னவர் அவர். அன்றைக்கு மறந்துவிட்டார். வெற்றி என்பது அவருக்கு அவ்வளவு பழக்கமில்லாத பண்டம்.

மறுநாள் காலை பால் கடையில் போய் நின்றார். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட்டுகள் பெட்டியில் நனைந்து கிடந்தன. ஆரஞ்சுப் பாக்கெட்டின் நெற்றியில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தது: புல் கிரீம். இத்தனை நாள் கண்ணெதிரே கிடந்திருக்கிறது, மக்களுக்குத் தெரியவில்லை. மக்கள் எதைத்தான் சரியாகப் பார்த்தார்கள்.

“இது புல்லுதானே?” என்று கடைக்காரரிடம் கேட்டார்.

“புல்லுதான் சார்.”

“சந்தேகம் இல்லாம?”

“பாதிப் பாதி வேணும்னா நீலம் எடுத்துக்குங்க. இது முழுசா புல்லு.”

நீலத்தில் பாதி புல், பாதி தவிடு என்று அவர் புரிந்துகொண்டார். கடைக்காரரின் நேர்மை அவருக்குப் பிடித்திருந்தது. அடக்கப்பட்ட சிறு வணிகர்களிடம்தான் இன்னும் உண்மை மிச்சமிருக்கிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

ஐந்து நாள் குடித்தார். மனைவியே காய்ச்சி, மனைவியே ஊற்றி, மனைவியே கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் வைத்த உடனே ஒரு பச்சை வாசனை. தொண்டையில் இறங்கும்போது மழை நின்ற வெளியில் நிற்பது போல ஒரு குளிர்ச்சி. இந்த அனுபவத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வது சுயநலம் என்று தோன்றியதால், ஐந்தாம் நாள் காலை மாடிப்படியில் நின்று போகிற வருகிறவர்களை நிறுத்திப் பேசினார். இரண்டாம் மாடிக் கம்பவுண்டர் மருந்துக்கடைச் சாவியோடு நின்று கேட்டார். மேல்மாடிக் கணக்கு டீச்சர் பள்ளிக்குக் கிளம்பியவர், மரியாதைக்காக நின்றார். உச்சகட்டத்தில் தீர்மானம் காலிப் பாக்கெட்டைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

டீச்சர் அதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார். அவர் நல்ல பெண்மணி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“தோழர், இது ஃபுல் கிரீம். முழுக் கொழுப்புள்ள பால். இதுல புல்லு எங்கயும் வரல.”

படிக்கட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு அவருக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது. வாசலில் பொத்தான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்ற மனைவி, நூல் அறுந்த பிறகு பேசினாள்.

“பாக்கெட்காரன் முன்னால மூணு புள்ளி வைக்காம விட்டுட்டான். அந்த மூணு புள்ளியில புல்லு முளைச்சிருச்சு.”

அப்படியானால் இவள் தெரிந்தே தனக்கு முழுக் கொழுப்பை ஊற்றினாளா என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆரஞ்சுப் பாக்கெட்டின் பால் ஐந்து நாளும் கம்பவுண்டர் மனைவிக்குப் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவர் குடித்தது பழைய ஆடை உருவிய பால்தான். மழை நின்ற வெளியும் பச்சை வாசனையும் அதிலிருந்துதான் வந்திருக்கின்றன.

இரண்டு நாள் அவர் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு மனிதன் உலையில் வெந்தான், சிறைக்குப் போனான், சொந்தப் பிள்ளைகள் போன்றவர்களால் இறக்கப்பட்டான், எல்லாவற்றையும் தாங்கினான். கடைசியில் அவனைக் கவிழ்க்க மூன்று புள்ளி போதுமானதாக இருந்தது. சாப்பிட அழைத்தபோது பசியில்லை என்றார். தட்டு வந்தபோது, உணவை வீணாக்குவது உழைப்பை அவமதிப்பது என்பதால், சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மனைவி துணி மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள். பாக்கெட்டை நம்பினால் இப்படித்தான். மாட்டைப் பார்த்தவனுக்குத்தான் பால் தெரியும். அவர் அதைக் காதில் வாங்காதது போல உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்து, தனக்கே தோன்றியது போல, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிடத்துக்குத் தினமும் பால் ஊற்றும் பால்காரர் வீட்டுக்குப் போனார்.

தகரக் கொட்டகை. சிமெண்ட் தரை, நடுவில் ஒரு சாக்கடை, சுவரில் சுருட்டித் தொங்கிய தண்ணீர்க் குழாய், கவிழ்த்து வைத்த கேன்கள். ஆறு பசுக்கள் முளைக்குச்சியில் கட்டுண்டு, தவிடும் பிண்ணாக்கும் கலந்த தொட்டியில் முகம் வைத்திருந்தன. அவற்றின் கண்களை அவர் பார்த்தார். ஷிப்ட் முடிந்தும் மாற்று ஆள் வராமல் உலையருகே நிற்கிற கண்கள். அந்தக் கண்களை அவருக்கு முப்பத்தோரு வருடமாகத் தெரியும்.

இவை ஏன் புல் மேயவில்லை என்று விசாரணை தொடங்கினார். பால்காரர் சாக்கின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏரிக்கரை பூரா புல்லுதாண்ணே. புல்லு அங்க இருக்கு, மாடு இங்க இருக்கு. நடுவுல என் முட்டி இருக்கு.”

முட்டி போன வருடம் அறுவை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு மாடுகள் வெளியே போகவில்லை. யாராவது மேய்ச்சலுக்கு ஏற்பாடு செய்தால், தன் சம்சாரம் பேக்கரிக்குப் போடுகிற சீஸை அந்தப் பாலிலேயே போட்டு இந்தக் கட்டிடத்துக்கும் கொடுப்பாள் என்றார். இது தனிமனிதப் பிரச்சினை அல்ல என்று தீர்மானத்துக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தேவை ஒரு சங்கம். சங்கம் என்றால் பொறுப்புகள். பொறுப்புகள் என்றால் ஒரு பட்டியல். வீடு திரும்பும்போது அவர் நடை மாறியிருந்தது. உடனே ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

மூன்று நாள் விதிமுறைகள் எழுதினார். வியப்பு என்னவென்றால், மனைவி குறுக்கே நிற்கவில்லை. பச்சைத் துணியில் பெயர்ப்பதாகை தைத்துக் கொடுத்தாள். ‘புல்’ என்ற சொல்லின் முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். கேட்டதற்கு, யாராவது புள்ளி வைக்க வேண்டியிருந்தால் வைக்கலாம் என்றாள். அளவு கொடுக்க வந்த பெண்களிடமெல்லாம் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் இருபத்து மூன்று பேர் கூடியபோது, தன் பெயருக்கு இன்னும் ஈர்ப்பு இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

துணி காயும் கொடிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கணக்கு டீச்சர் குறிப்பெழுத உட்கார்ந்தார். பால்காரர் காலை நீட்ட வசதியாக முன்வரிசையில் இருந்தார். தீர்மானம் நாற்பது நிமிடம் பேசினார். கொட்டகையின் இருட்டைப் பற்றிப் பேசினார், புல்லின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். அச்சடித்த பாக்கெட்டுகளை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தபோது குரல் உடைந்தது. இறுதியில் முன்மொழிந்தார்: புல் மேய்ந்ததை நம் ஆள் ஒருவர் உடனிருந்து கண்ணால் காணாத பாலும் சீஸும் இக்கட்டிடத்தின் படி ஏறலாகாது.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் எண்ணினார். பதினேழு கைகள் இறக்கிய மனிதனை இருபத்து மூன்று கைகள் தூக்கிவிட்டன. அப்படியே கூட்டத்தை முடித்திருக்கலாம். நல்ல தலைவனுக்கு எப்போது முடிப்பது என்று தெரியும். அவர் எந்தக் காலத்திலும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசி வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள்.

“ஒரு சந்தேகம். உடனிருந்து பாக்கணும்னா, மாடு மொதல்ல புல்லுகிட்டப் போகணும் இல்ல. யார் ஓட்டிட்டுப் போவாங்க?”

எல்லோரும் பால்காரரைப் பார்த்தார்கள். பால்காரர் தன் முட்டியைப் பார்த்தார்.

“ஏரிக்கரை எவ்வளவு தூரம்?” என்று அவரிடமே கேட்டாள்.

“போக ரெண்டு கிலோமீட்டர், அக்கா. வர ரெண்டு. சாதுவான மாடுங்கதான். ஆனா ஒரு இடத்துல உக்காந்து மேய்க்க முடியாது. அதுங்க பின்னாலயே நடந்துட்டு இருக்கணும்.”

அவள் தலையசைத்தாள். வாங்கி வந்த துணி, கையும் கழுத்தும் வெட்டிய பிறகு ஒரு விரற்கடைகூட மிஞ்சாமல் சரியாக வரும்போது அவள் தலையசைப்பது போல. முப்பத்தாறு வருட இல்லறத்தில் அந்தத் தலையசைப்பை அவர் அறிவார்.

இது துணைக் கேள்வி, அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கலாம் என்றார். ஒத்திவைத்தால் நாளைக்கே பால் படியேற முடியாது, இப்போது நிறைவேறிய தீர்மானம் அப்படித்தான் சொல்கிறது என்று டீச்சர் குறிப்பேட்டைப் பார்த்து வருத்தத்தோடு தெரிவித்தார். சுழற்சி முறை என்றார் அவர். கம்பவுண்டருக்கு மருந்துக்கடை, டீச்சருக்குப் பள்ளிக்கூடம், மற்றவர்களுக்கு அலுவலகம், அடுப்படி, கைக்குழந்தை. சுழற்றிப் பார்த்ததில் ஊசி ஒரே ஆளிடம்தான் வந்து நின்றது.

“எனக்கு இயக்கத்தை வழிநடத்தற வேலை இருக்கும்,” என்றார். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

“வழிநடத்தறதுன்னா நடக்கறதுதானுங்க,” என்றாள் மனைவி. பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைக் குறைத்தாள். “முன்னால நடந்த காலத்துல திரும்பிப் பாத்தா பின்னால ஒருத்தனும் இல்லன்னு எத்தனை தடவை வருத்தப்பட்டிருக்கீங்க. இப்ப நீங்க பின்னால. ஆறும் கண்ணு முன்னாடியே இருக்கும்.”

இதில் பரிவு எவ்வளவு, கத்தரி எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அவளோடு வாழ்ந்த காலம் முழுக்கப் பிரிக்க முடிந்ததில்லை.

கம்பவுண்டர் முன்மொழிந்தார். நன்றியுள்ள மனிதர், அவர் மனைவிக்கு ஐந்து நாள் பால் வந்திருக்கிறது. வழிமொழிய நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கைகள் உயர்ந்தன. அவர் வழக்கம்போல எண்ணினார். இருபத்து நான்கு வந்தது. இருபத்து மூன்று பேர்தானே என்று மறுபடி எண்ணினார். அப்போதும் இருபத்து நான்கு. மேலே பார்த்தார். கூடுதல் கை அவருடையது. கைகள் உயரும்போது உயர்ந்தே பழகிய கை, யாரையும் கேட்காமல் போய்விட்டிருந்தது.

சீஸ் விஷயமும் அதே சூட்டோடு முடிவானது. ஆளுக்கு, தினம், தீப்பெட்டி அகலம். அளக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அவள் கழுத்தில் கிடந்த நாடாவைத்தான் பார்த்தார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர்களின் பெயரைச் சபை முன் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி ஒன்பது, அவரே எழுதியது. டீச்சர் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்தார். பேச்சு அடங்கியது. எத்தனை வருடம் கழித்து ஒரு பட்டியல். அவர் கைகள் தாமாகச் சட்டைக் கழுத்தை நேராக்கின.

“தலைவர்: கம்பவுண்டர் அவர்கள். செயலாளர்: கணக்கு டீச்சர். அளவுப் பொறுப்பாளர்: தையக்காரம்மா.”

ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். இருபத்து மூன்று பேரும் தீர்மானத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

“மாடு மேய்ப்பவர்: தோழர் தீர்மானம்.”